காலை அஞ்சேகாலுக்கு கேட்ல நின்ன லாரி

காலை அஞ்சேகாலுக்கு ஃபோன்.

கண்ணைத் திறக்காமலே எடுத்தேன்.

"சார், லோடு எல்லி?"

(ஓசூர்க்காரங்களுக்கு விளக்க வேணாம். மத்தவங்களுக்கு: 'எல்லி'ன்னா கன்னடத்துல எங்கே. எங்க ஊர்ல ஒரு பேச்சு முழுசா ஒரே மொழியில முடிஞ்சுதுன்னா, பேசினவர் வெளியூர்னு அர்த்தம்.)

"எந்த லோடுண்ணா?"

"நீங்க தானே மெசேஜ் போட்டீங்க? ரெண்டாம் நம்பர் கேட், அஞ்சரைக்கு ரெடின்னு. அத்திப்பள்ளியில வண்டியைப் போட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தேன். அடிச்சுப் பிடிச்சு வந்தா கேட்டே தொறக்கல. வாட்ச்மேன் இன்னிக்கு லோடே இல்லைங்கறாரு."

அப்பவே வயித்துல ஏதோ கரைஞ்சுது. ஏன்னா அந்த 'ரெண்டாம் நம்பர் கேட், அஞ்சரை'ங்கறது எனக்கு ரொம்பப் பழக்கமான வரி. அதை எழுதினதே நான் தான். ஒரு டெஸ்ட்டுக்காக.

நிஜத்துல அந்தக் கம்பெனிக்கு இருக்கறதே ஒரு கேட் தான்.

சரி, முதல்ல இருந்து சொல்றேன்.

நாங்க மூணு பேர் சேர்ந்து நடத்துற சின்ன சாஃப்ட்வேர் கடை, பாகலூர் ரோட்டுல. (கம்பெனின்னு சொன்னா எங்க வீட்லயே சிரிப்பாங்க.) டிவிஎஸ், அசோக் லேலண்ட்னு பெரிய வண்டிக் கம்பெனிங்க இருக்கற ஊரு. அதுங்களைச் சுத்தி சின்னதும் நடுத்தரமுமா எத்தனையோ பட்டறைகள். அந்த மாதிரி ஒரு இடத்துக்கு டிஸ்பாட்ச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கோம். பில் போடும், இ-வே பில் எடுக்கும், சரக்கு ரெடியானதும் டிரைவருக்கு எஸ்எம்எஸ் தட்டும். அந்த எஸ்எம்எஸ்ல கீழ உதவிக்குன்னு ஒரு நம்பர் இருக்கும். அது என் நம்பர். உதவி மையம், இன்ஜினியர், டீ வாங்கிட்டு வர்ற பையன், எல்லாம் நான் தான்.

இந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு மூணு வாழ்க்கை உண்டு. என் லேப்டாப்ல ஒண்ணு. டெஸ்ட் ஓடுற மெஷின்ல ஒண்ணு. வாடிக்கையாளர்கிட்ட நிஜமா ஓடுற லைவ் ஒண்ணு. கோடு ஒண்ணு தான். ஆனா எந்த டேட்டாபேஸ், எந்த எஸ்எம்எஸ் கேட்வே, எந்த ஜிஎஸ்டி முகவரின்றது இடத்துக்கு இடம் மாறும். அதைக் கோடுக்குள்ள எழுதாம வெளிய ஒரு கோப்புல வெச்சு, 'இப்ப டெஸ்ட்', 'இப்ப லைவ்'னு பேர் சொல்லிக் கூப்பிடறது தான் ப்ரொஃபைல். நாங்க ஸ்ப்ரிங் வெச்சு எழுதுறோம். அதுல 2011 டிசம்பர்ல வந்த 3.1-லயே இந்த வசதி வந்துருச்சு. புதுசும் இல்ல, கஷ்டமும் இல்ல.

அதனால தான் யாரும் இதைப் பத்தி யோசிக்கறதே இல்ல. நானும் யோசிக்கல.

எங்க ஆபீஸுக்குக் கீழ ஒரு டீக்கடை. மாஸ்டர் ஆளைப் பார்த்ததும் மொழி மாத்திடுவார். வேட்டி கட்டின பெரியவர் வந்தா தெலுங்கு, பெங்களூர் நம்பர் பிளேட்டுன்னா கன்னடம், யூனிஃபார்ம் போட்ட பசங்கன்னா தமிழ், இப்ப ஷிஃப்டுக்கு வர்ற வடக்கத்திப் பசங்களுக்கு ஹிந்தி. நாலு ப்ரொஃபைல். இதுல நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒண்ணு: ஆளைப் பார்த்தும் யாருன்னு புரியலைன்னா மாஸ்டர் பேசவே மாட்டார். புருவத்தை மட்டும் தூக்குவார். வந்தவர் வாயைத் திறக்கட்டும்னு நிப்பார்.

என் சாஃப்ட்வேர் புருவத்தைத் தூக்கல. நேரா லைவ்ல பேசிருச்சு.

நடந்தது இது தான்.

எங்க டெஸ்ட் எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜென்கின்ஸ்ல ஓடும். மேசைக்குக் கீழ ஒரு பழைய பெட்டி, அதுல தான். 'டெஸ்ட்' ப்ரொஃபைல்ல ஓடணும்ங்கறதுக்காக அந்த மெஷின்ல ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வெச்சிருந்தேன். எங்க வெச்சேன்? என் லாகினோட பேஷ்ஆர்சி கோப்புல. ஜென்கின்ஸ் ஏஜென்ட்டையும் அந்த டெர்மினல்ல இருந்தே கையால ஸ்டார்ட் பண்ணிருந்தேன். எட்டு மாசம் பிரச்னையே இல்ல. ஏன்னா எட்டு மாசமா அந்தப் பெட்டியை யாரும் அணைக்கல.

அன்னிக்குச் சாயங்காலம் மழை. கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி ஏற்கனவே செத்திருந்துச்சு (மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தோம்). கரண்ட் வந்ததும் பெட்டி தானா எழுந்துச்சு. ஏஜென்ட்டும் தானா எழுந்துச்சு, ஏன்னா என் கூட்டாளி அதுக்கு முந்தின மாசம் தான் "ஒவ்வொரு தடவையும் கையாலயா ஸ்டார்ட் பண்ணுவே"ன்னு அதை சிஸ்டம்டி சர்வீஸா மாத்தி வெச்சிருந்தார். நல்ல மனசு. ஆனா சர்வீஸா எழுந்திருக்கறது பேஷ்ஆர்சியைப் படிக்காது. அது நான் திறந்த டெர்மினல் இல்லையே.

வேரியபிள் இல்ல. ப்ரொஃபைல் இல்ல. ப்ரொஃபைல் இல்லைன்னா ஸ்ப்ரிங் என்ன பண்ணும்? 'டிஃபால்ட்'னு ஒண்ணை எடுத்துக்கும். அதாவது பொதுக் கோப்புல இருக்கறதை அப்படியே நம்பும்.

அந்தப் பொதுக் கோப்புல லைவ் எஸ்எம்எஸ் கேட்வேயோட முகவரியும் சாவியும் இருந்துச்சு. முதன்முதலா லைவ் போன அன்னிக்கு அவசரத்துல நானே போட்டது. "நாளைக்கு மாத்திக்கலாம்."

(டேட்டாபேஸ் முகவரி மட்டும் அங்க லோக்கல்ஹோஸ்ட்னு இருந்துச்சு. அதனால லைவ் கணக்கு தப்பிச்சுது. அது என் சாமர்த்தியம் இல்ல, சந்திரசூடேஸ்வரர் புண்ணியம். மலைமேல இருந்து பார்த்துட்டு தான் இருக்கார்.)

அது மட்டும்னா கூட யாருக்கும் மெசேஜ் போயிருக்காது. டெஸ்ட்ல கற்பனை நம்பர் தானேன்னு நீங்க நினைப்பீங்க. இல்ல. 'நிஜ டேட்டா இருந்தா டெஸ்ட் நல்லா இருக்கும்'னு லைவ் டேட்டாபேஸோட ஒரு பிரதியை அந்தப் பெட்டியில இறக்கி வெச்சிருந்தேன். டிரைவர்ங்க பேரு, வண்டி எண், ஃபோன் நம்பர் எல்லாம் அசல்.

19 பேருக்கு மெசேஜ் போச்சு. ராத்திரி ரெண்டு மணி ஏழு நிமிஷத்துக்கு. 18 பேர் தூங்கிட்டாங்க, இல்ல கண்டுக்கல. ஒருத்தர் மட்டும் வேலையை மதிக்கிறவர்.

நான் வண்டியை எடுத்துட்டு, அந்தக் கம்பெனி இருக்கற சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஓடினேன். அவர் ஏற்கனவே கேபின்ல இருந்து இறங்கி, பல் விளக்கி, வாட்ச்மேன்கிட்ட பீடி வாங்கிட்டு நின்னுட்டு இருந்தார். கோபமே இல்ல. அது தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. டீசலுக்குக் காசு கொடுத்தேன், இட்லி வாங்கிக் கொடுத்தேன், 'டெஸ்ட்'னா என்னன்னு விளக்கினேன். பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு ஒண்ணு சொன்னார்.

"தம்பி, அன்னிக்கு ஒரு நாள் எல்லார் ஃபோனும் ஒண்ணா கத்துச்சே, கவர்மென்ட் மெசேஜ். அதுல கூட டெஸ்ட்னு போட்டுத் தானே அனுப்புனாங்க? நீ ஏன் போடல?"

(2023 ஜூலை 20. மத்திய தொலைத்தொடர்புத் துறை, பேரிடர் எச்சரிக்கைக்கான செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதிச்ச நாள். ஃபோன் ஒரு மாதிரி அலறிச்சே, ஞாபகம் இருக்கா? அதுல இது மாதிரிச் செய்தி, கண்டுக்க வேண்டாம்னு தெளிவாவே இருந்துச்சு.)

என்ன பதில் சொல்றது? இந்தியாவுல கம்பெனி எஸ்எம்எஸ் அனுப்பணும்னா டிஎல்டிங்கற பதிவு முறையில டெம்ப்ளேட் பதிவு பண்ணணும். பதிவு பண்ணின வாசகத்துக்கு வெளிய ஒரு வார்த்தை சேர்த்தாலும் மெசேஜ் போகாது. நான் 'டெஸ்ட்'னு போட்டிருந்தா அந்த மெசேஜே அவருக்குப் போயிருக்காது, அவரும் நிம்மதியாத் தூங்கியிருப்பார். ஒழுங்கா டெம்ப்ளேட்படி எழுதினதால தான் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சு.

இதைச் சொன்னா அவருக்குப் புரியும். ஆனா சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னொரு இட்லி சொன்னேன்.

ஆபீஸுக்கு வந்து லாக் பார்த்தேன். முதல் பத்து வரிக்குள்ளயே இருக்கு: ஆக்டிவ் ப்ரொஃபைல் எதுவும் இல்ல, டிஃபால்ட்டுக்குப் போறேன்னு. எர்ரர் இல்ல, வார்னிங் கூட இல்ல. சும்மா தகவல். கல்யாண வீட்ல மூலையில உக்கார்ந்திருக்கற தாத்தா 'பந்தி ஆரம்பிச்சுட்டாங்க போல'ன்னு தனக்குத் தானே சொல்ற மாதிரி.

இந்த வகை அசிங்கத்துல நமக்குத் துணை உண்டு, அது ஒரு ஆறுதல். 2021 ஜூன் 17 ராத்திரி, அமெரிக்காவுல எச்பிஓ மேக்ஸ் தன்னோட சந்தாதாரர்கள்ல ஏகப்பட்ட பேருக்கு ஒரு வெறும் மெயில் அனுப்பிருச்சு. தலைப்பே 'இன்டக்ரேஷன் டெஸ்ட் ஈமெயில் நம்பர் 1'. நம்ம கதை தான், அளவு தான் வேற. கம்பெனி உடனே ட்விட்டர்ல வந்து, ஆமா, இன்டர்ன் ஒருத்தர் தான், நாங்க அவருக்குத் துணையா இருக்கோம்னு சொன்னாங்க. உலகம் பூரா இருக்கற புரோகிராமர்ங்க 'அன்புள்ள இன்டர்ன்'னு ஆரம்பிச்சு அவங்கவங்க சொதப்பலை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குப் பழி போட இன்டர்ன் கூட இல்ல.

இப்ப திருத்தின கதை. இதுலயும் நான் ஒரே தடவையில ஜெயிக்கல.

முதல் நாள் வைத்தியம்: சர்வீஸ் கோப்புலயே ப்ரொஃபைல் பேரை எழுதிட்டேன். அப்பாடா. மறுநாள் காலையில பார்த்தா 14 டெஸ்ட் சிவப்பு. எஸ்எம்எஸ் அனுப்ப முடியலையாம். (நல்லவேளை, லைவ் சாவியை அன்னிக்கே மாத்தியிருந்தோம்.) ஏன் இன்னும் லைவ் கேட்வேயைத் தட்டுதுன்னு ஒரு மணி நேரம் முழிச்சேன்.

'டெஸ்ட்'ங்கற இங்கிலீஷ் வார்த்தையில ரெண்டு எழுத்து இடம் மாறியிருந்துச்சு.

இங்க தான் எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. இல்லாத ப்ரொஃபைல் பேரைச் சொன்னா ஸ்ப்ரிங் "அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு கேக்காது. 'சரிங்க'ன்னு தலையாட்டிட்டு, அந்தப் பேர்ல கோப்பு இல்லாததால பொதுக் கோப்போடவே ஓடும். ஆட்டோக்காரர்கிட்ட இல்லாத தெருப் பேரைச் சொன்னா "எங்க சார் அது?"ன்னு கேப்பார். இது கேக்காம கிளம்பி நேரா எம்.ஜி. ரோட்டுல இறக்கி விட்டுரும்.

அப்புறம் தான் புத்தி வந்துச்சு. சரியான பேரை எழுதறது வைத்தியம் இல்ல. பேரே இல்லைன்னாலும், தப்பான பேருன்னாலும் எங்க போய் விழுதுங்கறது தான் விஷயம்.

பொதுக் கோப்புல இருந்த லைவ் மதிப்பு எல்லாத்தையும் பிடுங்கினேன். அதுக்குப் பதிலா வெறும் இடம் மட்டும்: எஸ்எம்எஸ் முகவரி வெளிய இருந்து வரணும், வரலைன்னா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. அந்த இடத்துல மாற்று மதிப்பு எதுவும் கொடுக்கலைன்னா ஸ்ப்ரிங் கிளம்பும்போதே கத்தி விழுந்துடும். அந்தச் சத்தம் எனக்கு வேணும். லைவ் சாவி இப்ப லைவ் மெஷின்ல மட்டும் தான் இருக்கு. கோப்புல இல்ல, கிட்-ல இல்ல, என் லேப்டாப்ல கூட இல்ல. அதே மாதிரி லைவ்வும் இப்ப தன் பேரைச் சொல்லித் தான் எழுந்திருக்கணும். முன்னாடி பேரே இல்லாம ஓடினது லைவ் தான். யோசிச்சுப் பாருங்க, 'யாருன்னு தெரியலையா, அப்ப நீ தான் முதலாளி'ன்னு நான் எழுதி வெச்சிருக்கேன்.

டெஸ்ட் எல்லாத்துக்கும் ஒரு தாய் கிளாஸ் வெச்சு, அதுலயே ஆக்டிவ் ப்ரொஃபைல்ஸ் குறிப்பைப் போட்டேன். அதைப் பின்பற்றி வர்ற எல்லா டெஸ்ட்டுக்கும் அது தானா வந்துரும். இனிமே மெஷினோட ஞாபக சக்தியை நம்ப வேண்டியதில்ல. அதுக்கு மேல ஒரு காவல்காரன்: டெஸ்ட் தொடங்கும்போது எஸ்எம்எஸ் முகவரியைப் பார்ப்பான். இந்த மெஷினுக்குள்ள இருக்கற போலி சர்வரா? (வயர்மாக் வெச்சு ஒண்ணு ஓட விட்டிருக்கோம்.) சரி, போ. வெளிய இருக்கற முகவரியா? கதவைச் சாத்து.

ஃபோன் நம்பர் கதை தனி.

முதல்ல பிரதியில இருக்கற எல்லா நம்பரோட முதல் எண்ணையும் 1-னு மாத்தினேன். நம்ம ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல தான் தொடங்கும், அதனால 1-ல தொடங்கறது யாருக்கும் போகாதுன்னு ஒரே பெருமை. டெஸ்ட் ஓட விட்டா முப்பது சிவப்பு. ஏன்னா செல்லாத நம்பரைத் துப்பணும்னு என் கோடுலயே ஒரு சோதனை இருக்கு, அதை எழுதினதும் நானே. கடைசியில எல்லா டிரைவருக்கும் என் நம்பரையே போட்டுட்டேன். இனிமே சொதப்பினா என் தூக்கம் தான் போகும்.

இதுக்கெல்லாம் முன்னாடியே இன்னொரு அடி வாங்கியிருந்தேன், அதுல இருந்தே பாடம் படிச்சிருக்கணும். அதையும் சொல்லிடறேன், ஏன்னா அது எங்க ஊர்ல இருந்தா தான் இவ்வளவு சுத்தமா நடக்கும்.

ஜிஎஸ்டி.

ஓசூர்ல இருந்து அத்திப்பள்ளிக்கு டீ ஆறறதுக்குள்ள போயிடலாம். ஆனா அது கர்நாடகா. அங்க சரக்கு போனா மாநிலம் விட்டு மாநிலம், ஐஜிஎஸ்டி. நாகர்கோவிலுக்கு ராத்திரி பூரா ஓட்டணும். ஆனா அது தமிழ்நாடு. அங்க போனா சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. 18 விழுக்காடுன்னா முதல்ல சொன்னதுக்கு மொத்தமா 18, ரெண்டாவதுக்கு 9, 9. இ-வே பில்லுக்கும் அப்படித் தான்: மாநிலம் தாண்டினா சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினதும் வேணும், தமிழ்நாட்டுக்குள்ளன்னா ஒரு லட்சம் தாண்டினா போதும். 70,000 ரூபாய்க்கு ஒரே மாதிரி ரெண்டு பெட்டி. கூப்பிடு தூரத்துக்குப் போறதுக்கு இ-வே பில் வேணும், குமரி மாவட்டத்துக்குப் போறதுக்கு வேணாம். 2017 ஜூலை 1-க்கு அப்புறம் எல்லையில வணிகவரிச் சாவடி போயிருச்சு. ஆனா சாவடி எங்கயும் போகல, நம்ம கோடுக்குள்ள வந்து உக்கார்ந்துக்கிச்சு.

எங்க வாடிக்கையாளருக்கு வருஷ விற்றுமுதல் 5 கோடிக்கு மேல. 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து அவங்க மாதிரி ஆளுங்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆச்சு. அதாவது பில்லை முதல்ல அரசு போர்ட்டலுக்கு அனுப்பணும், அது சரிபார்த்து 64 எழுத்து நீளத்துல ஒரு எண் கொடுக்கும், அதுக்கப்புறம் தான் வண்டி கிளம்பலாம். இதை எழுதிப் பழக சாண்ட்பாக்ஸ் உண்டு, நல்ல விஷயம். அங்க சோதனைக்குன்னு ஒரு ஜிஎஸ்டி எண் கொடுப்பாங்க. எங்களுக்கு வந்தது 29-ல தொடங்குற எண்.

ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கம் மாநிலம். 33 தமிழ்நாடு. 29 கர்நாடகா.

ஆக, என் டெஸ்ட் ப்ரொஃபைல்ல ஓசூர் கம்பெனி கர்நாடகாவுல இருந்துச்சு.

அதுக்கு ஏத்த மாதிரி நானும் 'சொந்த மாநிலம்: 29'னு தனியா ஒரு வரி எழுதி வெச்சேன். கர்நாடகாவுல இருக்கற ஜிகணிக்குப் போற பில்லுக்கு 9, 9 வருது, போர்ட்டல் ஏத்துக்குது, எல்லா டெஸ்ட்டும் பச்சை. கை தட்டிக்கிட்டோம். லைவ் போற அன்னிக்கு டெஸ்ட் கோப்பைக் காப்பி அடிச்சு லைவ் கோப்பு உண்டாக்கினேன். முகவரி மாத்தினேன், சாவி மாத்தினேன், ஜிஎஸ்டி எண்ணை 33-க்கு மாத்தினேன்.

அந்த ஒரு வரியை மாத்தல.

முதல் பில் ஜிகணிக்கு. விற்கறவர் 33, வாங்கறவர் 29, வரி 9, 9. போர்ட்டல் துப்பிடுச்சு. ரெண்டாவது கோயம்புத்தூருக்கு. ரெண்டும் 33, ஆனா ஐஜிஎஸ்டி. அதையும் துப்பிடுச்சு. லோடு ஏத்தின மூணு வண்டி கேட்ல. சூப்பர்வைசர் என் பின்னாடியே நின்னு மூச்சு விட்டுட்டு இருக்கார். "சார், நம்ம கம்பெனி எந்த ஸ்டேட்டு சார்?"னு கேட்டார். கிண்டல் இல்ல, சீரியஸாத் தான் கேட்டார்.

அந்த வரியை இப்ப தூக்கியாச்சு. மாநிலம் தெரியணுமா, ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கத்தைப் பார்த்துக்கோ. ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல எழுதி வெச்சா, அதுல ஒண்ணு எப்பவோ பொய் சொல்லப் போகுது. அதே சமயம் சாண்ட்பாக்ஸை நம்பி எல்லா டெஸ்ட்டையும் எழுதறதையும் விட்டாச்சு. அங்க நாலே நாலு டெஸ்ட், பேச்சு வார்த்தை சரியா நடக்குதான்னு பார்க்க. மத்தது எல்லாம் எங்க போலி சர்வர்ல, 33-ஐ விற்கறவரா வெச்சு, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பில், அந்தப் பக்கம் ஒரு பில்.

இதே குடும்பத்துல ஒரு குட்டிப் பிசாசு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

டெலிவரி சலான்ல கம்பெனியோட லேண்ட்லைன் அச்சாகும். எஸ்டிடி கோடு கான்ஃபிக் கோப்புல இருந்து வரும், யாமல் (YAML) கோப்பு. டெஸ்ட் ப்ரொஃபைல்ல சும்மா 080-னு போட்டிருந்தேன், பெங்களூர் நம்பர். அழகா 080-னே வந்துச்சு. லைவ்ல ஓசூரோட 04344 போட்டேன்.

சலான்ல 2276-னு வந்துச்சு.

ஒரு நாள் பூரா போச்சு. விஷயம் என்னன்னா, பழைய யாமல் விதிப்படி பூஜ்யத்துல தொடங்கி, எல்லா இலக்கமும் 7-க்குள்ள இருந்தா அது எட்டின் அடிமான எண். 04344-ஐ அப்படிக் கணக்குப் போட்டா 2276. கிருஷ்ணகிரியோட 04343 போட்டிருந்தா 2275. சென்னை 044 வெறும் 36 ஆகிடும். பெங்களூர்ல 8 இருக்கறதால அது எட்டின் அடிமானம் ஆக முடியாது, எழுத்தாவே விட்டுடும். தப்பிச்சுது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தா சலுகை பாருங்க! ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா தீர்ந்துது. ஆனா மேற்கோள் குறி போடணும்னு டெஸ்ட் எனக்குச் சொல்லல, ஏன்னா டெஸ்ட்ல இருந்தது வேற ஊர்.

ஷிஃப்ட் நேரமும் அப்படியே. முதல் ஷிஃப்ட் 06:00 நல்லாப் படிக்கும், பூஜ்யத்துல தொடங்கறதால. ரெண்டாவது 14:00 போட்டா 840. மூணாவது 22:00 போட்டா 1320. (அறுபதின் அடிமானமாம். பாபிலோன்காரங்க கணக்கு நம்ம சிப்காட்ல.) டெஸ்ட் கோப்புல நான் எத்தனை ஷிஃப்ட் வெச்சிருந்தேன்னு கேக்கறீங்களா? ஒண்ணு. காலை ஷிஃப்ட்.

டெஸ்ட்ல ஹெச்2, லைவ்ல போஸ்ட்கிரஸ்னு ரெண்டு டேட்டாபேஸ் வெச்சு மாட்டின கதையும் உண்டு. ஹெச்2-க்கு புரியாத ஒரு வரிக்காக டெஸ்ட்டுக்கு மட்டும் வேற கோடு எழுதி, அப்ப எதைத் தான் டெஸ்ட் பண்ணேன்னு நானே தலையைச் சொறிஞ்சது. இப்ப டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வெச்சு டெஸ்ட்லயும் நிஜ போஸ்ட்கிரஸ் தான். கொஞ்சம் மெதுவா ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு என்ன அவசரம்?

ஹெரோகு ஆளுங்க 2011 வாக்குல எழுதின 'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்'ல, ப்ரொஃபைல்னு கூட்டமா பேர் வெக்கறதே வேணாம்னு வாதம் வரும். இன்னிக்கு டெஸ்ட், லைவ்னு தொடங்கும், நாளைக்கு 'ரமேஷ் லேப்டாப்', 'க்ளையன்ட் டெமோ', 'க்ளையன்ட் டெமோ புதுசு'ன்னு பெருகிடும், ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியா வெளிய இருந்து கொடுங்கன்றாங்க. சாவி, முகவரி விஷயத்துல நூத்துக்கு நூறு சரி. ஆனா டெஸ்ட்டுக்கு மட்டும் எனக்குப் பேர் வேணும். 'நான் இப்ப டெஸ்ட்'னு அது தன் வாயால சொல்லணும். சொல்லலைன்னா ஓடக் கூடாது. மத்தபடி டெஸ்ட் ப்ரொஃபைல் கோப்பு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. எங்களோடது 62 வரி இருந்துச்சு. இப்ப 9. அந்த 53 வரியும் லைவ்ல இருந்து என் டெஸ்ட்டை எவ்வளவு தூரம் தள்ளி வெச்சிருந்துச்சுங்கறதோட அளவு தான்.

போன வாரம் மறுபடி மழை, மறுபடி கரண்ட் போச்சு. (யூபிஎஸ் பேட்டரி இன்னும் வாங்கல.) காலையில வந்து பார்த்தா எல்லாம் பச்சை, யாருக்கும் மெசேஜ் போகல. நானே வேணும்னு ப்ரொஃபைல் பேரை எடுத்துட்டு ஓட விட்டுப் பார்த்தேன். மூணு செகண்டுல எஸ்எம்எஸ் முகவரி இல்லைன்னு கத்தி விழுந்துச்சு. ரெண்டு தடவை விழ வெச்சுப் பார்த்தேன், சும்மா ஆசைக்கு.

அந்த டிரைவர் அண்ணனுக்கு மட்டும் என் வைத்தியம் எதுவும் வேலை செய்யல. இப்பவும் லோடு மெசேஜ் போனா, அது எவ்வளவு ஒழுங்கான மெசேஜா இருந்தாலும், ரெண்டாவது நிமிஷம் என் ஃபோன் அடிக்கும்.

"தம்பி, இது நெசமா, டெஸ்டா?"

"நெசம் தாண்ணா."

"எத்தனாவது கேட்டு?"

"கேட் ஒண்ணு தாண்ணா இருக்கு."

"ஆங். அப்ப நெசம் தான். வரேன்."